ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்துவிட்டதா? அடுத்து என்ன செய்வது

சிறுநீரகக் கல்லுக்கோ, பித்தப்பைக் கல்லுக்கோ, இல்லை ஆபீஸில் வருடாவருடம் எடுக்கச் சொல்லும் மாஸ்டர் செக்கப்புக்கோ வயிற்று ஸ்கேன் எடுத்திருப்பீர்கள். தேடிப் போன கோளாறு இருக்காது, ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று ஒரு வரி இருக்கும். "இது இப்போ எல்லாருக்கும்தான் இருக்கு, எண்ணெயைக் குறைச்சுக்கோங்க" என்று யாராவது சொல்லிவிட, ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். கொஞ்சம் பயந்தவர்கள் மெடிக்கலில் லிவர் டானிக், கீழாநெல்லிப் பொடி, வீடியோவில் பார்த்த ஏதோ ஒரு ஜூஸ் என்று ஒரு மாதம் ஓட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். இதில் எதுவுமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. கல்லீரலில் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறதா இல்லையா? அதுதான் கேள்வி. கிரேடு அதற்குப் பதில் சொல்லாது.

கல்லீரலின் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்திருந்தால் ஃபேட்டி லிவர் என்கிறார்கள். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் அல்ட்ராசவுண்டில் பக்கத்தில் இருக்கும் சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும், எவ்வளவு வெளுப்பு என்று கண்ணால் பார்த்துத்தான் 1, 2, 3 என்று போடுகிறார்கள். ஸ்கேன் எடுப்பவர் மாறினால் கிரேடும் மாறலாம், கொழுப்பு ஓரளவு கம்மியாக இருந்தால் ஸ்கேனில் தெரியாமலே போகலாம். ரிப்போர்ட்டில் என்ஏஎஃப்எல்டி என்றோ எம்ஏஎஸ்எல்டி என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம், 2023-ல் பெயரை மாற்றினார்கள், நோய் அதேதான்.

கொழுப்பு சேர்ந்த எல்லோருக்கும் கல்லீரல் கெட்டுவிடுவதில்லை. சிலருக்கு அந்தக் கொழுப்பால் கல்லீரலில் அழற்சி வருகிறது, அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால் ஆறிய இடமெல்லாம் தழும்பாகிறது. இந்தத் தழும்பைத்தான் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். எஃப்0 முதல் எஃப்4 வரை அதற்கு நிலைகள் உண்டு, எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போன நிலை. கிரேடு 3 என்று ரிப்போர்ட் வைத்திருப்பவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம், கிரேடு 1 காரருக்கு எஃப்3 இருக்கலாம். சிரோசிஸ் முற்றும்போது கல்லீரலில் இருக்கும் கொழுப்பே குறைந்துபோவதும் உண்டு, அதனால் "போன தடவை கிரேடு 2, இப்போ கிரேடு 1, குறைஞ்சிடுச்சு" என்று எடையும் குறையாமல் சந்தோஷப்படுவதற்கு அர்த்தம் இல்லை. ரத்தப் பரிசோதனையில் வரும் கல்லீரல் என்சைம் அளவான எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தால் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று நினைப்பதும் இதே மாதிரிதான். நார்மல் எஸ்ஜிபிடியோடு தழும்பு உள்ளவர்கள் நிறையப் பேர். வலியும் பெரும்பாலும் இருக்காது, அதிகம் போனால் கொஞ்சம் அசதி, வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம், அவ்வளவுதான்.

தழும்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே கணக்குப் போடலாம்

ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு என்சைம்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட், இந்த நான்கும் போதும், எல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருப்பவைதான். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் எஸ்ஜிபிடி எண்ணுக்கு ஃபோன் கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்து அதைப் பிளேட்லெட்டால் பெருக்குங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்தால் விடை. நம் ஊர் லேப்களில் பிளேட்லெட்டை 2.25 லட்சம் என்று போடுவார்கள், கணக்கில் அதை 225 என்று வைக்க வேண்டும்.

45 வயது, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 45-ஐ 40-ஆல் பெருக்கினால் 1800. 64-க்கு வர்க்கமூலம் 8, அதை 225-ஆல் பெருக்கினாலும் 1800. விடை 1. இப்போது இன்னொருவர்: 58 வயது, எஸ்ஜிஓடி 62, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 1.4 லட்சம். மேலே 3596, கீழே 980, விடை சுமார் 3.7. எஸ்ஜிபிடியை மட்டும் பார்த்தால் முதல் ஆளுக்குத்தான் அதிகம், ஆனால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியவர் இரண்டாவது ஆள்.

1.3-க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த எல்லையை 2 என்று வைத்துக்கொள்ளலாம். 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். நடுவில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. டெங்குவோ வேறு காய்ச்சலோ வந்த சமயத்தில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டை வைத்துப் போடவே போடாதீர்கள், டெங்குவில் பிளேட்லெட் இறங்கி எஸ்ஜிஓடி ஏறியிருக்கும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

ஃபைப்ரோஸ்கேன் ஊசி, மயக்க மருந்து எதுவும் இல்லாமல் விலாப்பக்கம் ஒரு கருவியை வைத்துக் கல்லீரலின் விறைப்பை அளப்பது. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 12-க்கு மேலே இருந்தால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அதே ரிப்போர்ட்டில் கேப் என்று இன்னொரு எண் வரும், அது கொழுப்பின் அளவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களான ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளையும் ஒரு முறை எடுத்துவிடுங்கள், ஃபேட்டி லிவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் அது ஒளிந்திருக்கக் கூடாது.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது

எண்ணெய் சாப்பிட்டதால் வந்தது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பு நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது இதில் சிறு பங்குதான். பெரும்பங்கு நம் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பிலிருந்து, முக்கியமாகத் தொப்பையிலிருந்து, ரத்தத்தில் கலந்து வருவது. அடுத்த பங்கு, நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றிக்கொள்வது. இரண்டுக்கும் அடியில் இருப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது. தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்து வைக்க ஒவ்வொருவர் உடம்புக்கும் ஓர் அளவு உண்டு, குதிர் நிறைந்த பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால் கண்ட இடத்தில் கொட்டி வைப்பது போல, அந்த அளவு தாண்டியதும் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேர்கிறது. நம் நாட்டு உடல்வாகில் இந்த அளவு சின்னது. அதனால்தான் கைகால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் இருப்பவருக்குக்கூட இது வருகிறது, உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ 23 தாண்டினாலே நமக்கு அதிக எடை என்று கணக்கு வைத்திருப்பதும் இதனால்தான்.

எடை மிஷினைவிட டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபடி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. பேன்ட் சைஸ் 34 என்பதை இடுப்பளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நாம் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறோம். பிள்ளைகளுக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் கறுத்துப் போயிருந்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். இன்சுலின் வேலை செய்யவில்லை என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் அது. சோப்பை வைத்துவிட்டு ஒரு முறை சர்க்கரையும் கல்லீரலும் பாருங்கள், குழந்தைகளுக்கும் ஃபேட்டி லிவர் வருகிறது.

சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல், நல்ல கொழுப்பு எச்டிஎல் குறைவு, பெண்களுக்கு வரும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையான பிசிஓஎஸ், தைராய்டு குறைபாடு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், இதெல்லாம் ஃபேட்டி லிவரோடு கூடவே வருபவை. இந்தியர்களிடம் நடந்த ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்து 2022-ல் வெளியிட்ட கணக்கில் பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு இது இருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் இன்னும் அதிகம். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், தமொக்சிஃபென், அமியோடரோன், வால்ப்ரோயேட் போன்ற மருந்துகளாலும் வரலாம், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

குடியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். "நான் எப்பவாவதுதான்" என்று டாக்டரிடம் சொல்பவர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில், 42.8 சதவீதம் என்ற கணக்கில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆண்களுக்கு வாரம் 210 கிராம், பெண்களுக்கு 140 கிராம் தாண்டினால் கல்லீரல் நோய்க்கு மதுவும் ஒரு காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது வாரத்துக்கு நான்கு குவார்ட்டர் குடிக்கும் ஆணுக்கு அது மதுவும் சேர்ந்த கல்லீரல் நோய். மூன்று வரை குடிக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சர்க்கரையும் தொப்பையும் இருக்கிற கல்லீரலுக்கு மது எந்த அளவிலும் நல்லதில்லை, தழும்பு இருந்தால் ஒரு சொட்டும் கூடாது. நிறுத்த முடியவில்லை என்றால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது, அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் பார்க்கிறார்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று தனியாக நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு வரை போகலாம், அதனால் டாக்டர் துணையோடு நிறுத்துங்கள்.

தட்டில் என்ன மாற்றுவது

இதில் செய்யும் மாற்றம்தான் முதல் மருந்து, இதைவிட நன்றாக வேலை செய்யும் மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது, 7 சதவீதம் குறைந்தால் அழற்சி தணிகிறது, 10 சதவீதம் குறைந்தால் தழும்பே மட்டுப்பட வாய்ப்பு இருக்கிறது. 80 கிலோ இருப்பவருக்கு இது முறையே 4 கிலோ, ஐந்தரை கிலோ, 8 கிலோ. ஒல்லியானவர்களுக்கு 3 முதல் 5 சதவீதமே பலன் தரும். வாரத்துக்கு அரை கிலோ, அதிகபட்சம் ஒரு கிலோ, அந்த வேகம் போதும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் 10 கிலோ குறைப்பது கல்லீரலுக்கே ஆகாது, பித்தப்பையில் கல் வேறு வரும்.

முதலில் கை வைக்க வேண்டியது இனிப்பில். டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பவருக்கு டீயிலேயே 50 கிராம் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் டீயோடு வரும் பிஸ்கெட்டும் இனிப்பு பன்னும் அடக்கம். கடையில் "வித்தவுட்" என்று கேட்கப் பழகுங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாறுவதால் கல்லீரலுக்கு ஒன்றும் மிச்சமாகாது. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், அதைக் கையாள்வது பெரும்பாலும் கல்லீரல்தான், கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸாக வேண்டாம். ஆறு சாத்துக்குடியை யாரும் உரித்துச் சாப்பிட மாட்டோம், ஜூஸாக ஐந்து நிமிடத்தில் குடித்துவிடுகிறோம். ரோஸ் மில்க், கூல் டிரிங்க்ஸ், பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுக்கும் சத்து பானப் பொடி எல்லாம் இதே கணக்கில் வரும்.

அடுத்தது சோறு. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை, நடுவில் முறுக்கு என்று நாள் முழுக்க அரிசியையே வேறு வேறு உருவத்தில் சாப்பிடுகிறோம். சோற்றை விடச் சொல்லவில்லை, விட்டால் பத்து நாளில் பழையபடி திரும்பிவிடுவோம். தட்டின் அமைப்பை மாற்றுங்கள். தட்டில் பாதி காய் இருக்கட்டும், பொரியலும் கீரையும் கூட்டுமாக. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி, இதில் ஏதாவது. மிச்சமிருக்கும் கால் பங்கு சோறு. முதலில் காயையும் பருப்பையும் பாதி சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள், இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளத் தோன்றாது. காலையில் நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், ஒரு முட்டை அல்லது பாசிப்பயறு சுண்டல். சாயந்திரம் பஜ்ஜி, போண்டாவுக்குப் பதில் வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒரு கைப்பிடி. மத்தி, அயலை மாதிரி மலிவான மீன்கள் ரொம்ப நல்லது, வறுக்காமல் குழம்பாக. சாமை, வரகு, தினைக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நார்ச்சத்து கூடுதல்தான், ஆனாலும் தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் சாமைச் சோறும் சோறுதான்.

பரோட்டா, பப்ஸ், பேக்கரி கேக் மூன்றிலும் மைதாவும் கெட்ட கொழுப்பும் சேர்ந்தே வருகின்றன, இவற்றை மாதத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்கிவிடலாம். வீட்டுச் சமையலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு டீஸ்பூன் எண்ணெய் போதும். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடிந்தால் நல்லது. பாலும் சர்க்கரையும் இல்லாத காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன, காபி ஒத்துக்கொள்பவர்கள் இரண்டு மூன்று கப் தாராளமாகக் குடிக்கலாம்.

இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும்.

நடையும் கூடவே வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது எதுவானாலும் சரி. எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது, மிஷினில் முள் நகரவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். வீட்டு வேலையே போதும் என்று பெண்கள் சொல்வது வழக்கம், ஆனால் நின்ற இடத்தில் மணிக்கணக்காக நிற்பது உடம்பை அசத்துமே தவிர இந்த நடையின் வேலையைச் செய்யாது. அந்த அரை மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கித் தருவது வீட்டில் இருக்கும் மற்றவர்கள் பொறுப்பு.

மாத்திரை, டானிக், மூலிகை

தழும்பு இல்லாத ஃபேட்டி லிவருக்கு மாத்திரை தேவைப்படுவது அபூர்வம். அர்சோடியாக்ஸிகோலிக் ஆசிடும் சிலிமரின் கலந்த லிவர் மாத்திரைகளும் நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகின்றன, ஃபேட்டி லிவரைக் குணப்படுத்தும் என்று சொல்ல அவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை. அந்தப் பணத்துக்கு முட்டையும் கீரையும் வாங்கலாம்.

அழற்சியும் தழும்பும் உள்ளவர்களுக்கு மருந்துகள் உண்டு. விட்டமின் ஈ 800 யூனிட் சர்க்கரை நோய் இல்லாத சிலருக்குக் கொடுக்கிறார்கள், நீங்களாக வாங்கி வருடக்கணக்கில் போடக் கூடாது. பயோகிளிட்டசோன் பலன் தரும், ஆனால் எடை கூடும், கால் வீங்கும், இதயம் பலவீனமானவர்களுக்குக் கூடாது. சாரோகிளிட்டசார் என்ற மருந்துக்கு இந்தியாவில் 2020-ல் ஃபேட்டி லிவருக்காக அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம், 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைட் ஊசி ஆகியவை அனுமதி பெற்றன, இரண்டுமே எஃப்2, எஃப்3 தழும்பு உள்ளவர்களுக்கு, அதுவும் உணவு, உடற்பயிற்சியோடு சேர்த்து. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு நல்ல மருந்து, கல்லீரல் தழும்பைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினைக் "கல்லீரலைக் கெடுக்கும்" என்று பயந்து நிறுத்துபவர்கள் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஃபேட்டி லிவருக்கு ஸ்டாட்டின் பாதுகாப்பானது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது கல்லீரல் அல்ல, இதயம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் கட்டுக்குள் வைப்பது இந்தச் சிகிச்சையின் பாதி.

மூலிகை பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். கீழாநெல்லியைக் காமாலைக்கு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வருகிறோம், ஆனால் கல்லீரல் கொழுப்பையோ தழும்பையோ அது குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அஸ்வகந்தா, கிரீன் டீ சாறு மாத்திரை, மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் கேப்சூல் ஆகியவற்றாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது. ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பாட்டிலையே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

எப்போது மறுபடி பார்ப்பது

ஃபிப்-4 குறைவாக இருந்து சர்க்கரை நோயும் இல்லை என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கணக்குப் போட்டால் போதும். சர்க்கரை நோயோ, ஒன்றுக்கு மேற்பட்ட மற்ற தொல்லைகளோ இருந்தால் வருடாவருடம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக் கிரேடு இறங்கியதா என்று பார்ப்பது வீண் செலவு, அதற்குப் பதில் மாதம் ஒரு முறை இடுப்பளவை எழுதி வையுங்கள். மத்திய அரசு 2021-லேயே ஃபேட்டி லிவரைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது கல்லீரலையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சிக்கலான கேஸ் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் கல்லீரலுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்குக் கணக்கு வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் கட்டாயம், புற்றுநோய்க் கட்டி வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியும் பார்ப்பார்கள். கண் மஞ்சளாவது, வயிற்றில் நீர் சேர்ந்து உப்புவது, கால் வீக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், பகலில் தூங்கி ராத்திரி விழித்து நேரம் காலம் புரியாமல் பேசுவது, இதெல்லாம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.